தோளுக்குள் ஒரு முக்கொம்பு

ஸ்ரீரங்கத்தில் நம்பெருமாள் புறப்பாட்டைக் கூட்டத்தில் நசுங்காமல் நின்று சேவிக்கும் பாக்கியம் ஒருமுறையேனும் வாய்த்தவர்களுக்கு, பெருமாளின் திருமேனியழகிலிருந்து கண்ணைச் சற்றே கீழே இறக்கி, அவரைச் சுமந்துவரும் ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோள்களையும் பார்க்கத் தோன்றியிருக்கும். அத்தனை பாரமுள்ள வாகனத்துக்குத் 'தோளுக்கினியான்' என்று பெயர் சூட்டிய புண்ணியவான் யாரோ, அவர் தம் தோளைக் கொடுத்துப் பார்த்தபிறகுதான் அந்தப் பெயரை வைத்தாரா என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஐயம். அந்த வாகனத்தின் தண்டு அழுந்தும் இடம், அதாவது கழுத்து இறங்கித் தோளோடு சேரும் சரிவு, மனித சரீரத்தின் வெகு சூட்சுமமான ஸ்தலங்களுள் ஒன்று. கைக்கு அசைவும் உணர்ச்சியும் அளிக்கும் நரம்புகள் அவ்விடத்தைக் கடந்தே செல்லவேண்டும். கனத்த மூட்டையை முதுகில் மாட்டிக்கொண்டு நாள் முழுதும் நடக்கும் சிப்பாய்களுக்குச் சில வேளைகளில் தோள் மரத்துக் கை சோர்ந்துபோவதை வைத்திய நூல்கள் குறித்து வைத்திருக்கின்றன. ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கு அப்படி நேர்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் தோளைப் பார்த்தபோது அதற்குள் இருப்பது நினைவுக்கு வந்தது, அவ்வளவே.

கழுத்தெலும்புகள் ஏழு; கழுத்து நரம்புகளோ எட்டு. அவற்றுள் ஐந்தாவது முதல் எட்டாவது வரையுள்ள நான்கும், மார்பின் முதல் நரம்பும் ஆக ஐந்து வேர்கள் கைக்கென்று புறப்படுகின்றன. இதைத் திருச்சிக்காரர்களுக்கு விளக்குவது சுலபம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமுமாகப் பிரிந்து, நடுவே ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவையும் தீவாக்கி, கல்லணையில் மீண்டும் வெண்ணாறாகவும் புதாறாகவும் கிளைத்துச் சோழநாட்டு வயல்களுக்கெல்லாம் பாயும் நதியைப் போலவே இந்நரம்புகளும் கிளைக்கின்றன. ஆனால் கிளைப்பதோடு நிற்பதில்லை. ஐந்து வேர்கள் கூடி மூன்று தண்டுகளாகி, தண்டு ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, பிரிந்த ஆறும் மறுபடி மூன்று வடங்களாகச் சேர்ந்து, காறையெலும்புக்குப் பின்னும் முதல் விலாவெலும்புக்கு மேலுமாக நழுவி அக்குளுக்குள் இறங்கி, ஐந்து பெருநரம்புகளாகக் கைக்குள் செல்கின்றன. மருத்துவர்கள் எழுதும் சீட்டில் 'பிரேக்கியல் பிளெக்ஸஸ்' என்று காண்பது இந்தப் புஜ நரம்புப் பின்னலைத்தான். இந்தச் சிக்கலான பின்னலினால் ஒரு லாபமும் உண்டு: கையின் தசைகளுள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேர்களிலிருந்து பாசனம் வருவதால், ஒரு வேர் பழுதுபட்டாலும் எல்லா வயலும் காய்ந்துபோவதில்லை.

சென்னை நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்திலிருந்து தூக்கியெறியப்பட்ட ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ளுங்கள். தோள் தரையில் மோதிக் கீழே அழுந்துகிறது; தலை மறுபக்கம் சாய்கிறது; இரண்டுக்கும் நடுவே அந்தப் பின்னல் வில்நாண்போல் இழுபடுகிறது. எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும்; தோல் கிழிந்தால் கண்ணுக்கே தெரியும்; நரம்பு அறுந்ததற்கு மட்டும் அந்த இடத்தில் வெளியடையாளம் எதுவும் இராது. கை துணிபோலத் தொங்கும், அவ்வளவுதான். மேல் வேர்கள் போயிருந்தால் தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் முடியாது. கீழ் வேர்கள் போயிருந்தால் விரல்கள் செயலற்றுவிடும். மார்பின் முதல் வேர் பிடுங்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணிமை சரிந்து பாவையும் சுருங்கியிருக்கும். கைக்கு வந்த கேட்டைக் கண் சொல்லுகிற இந்த விசித்திரத்தை அனுபவமுள்ள வைத்தியர்கள் முதலில் தேடிப்பார்ப்பார்கள்.

இந்தக் காயத்தை உள்ளே புகுந்து காட்டும் ஸ்கேனுக்கு இனி வருவோம். எம்.ஆர்.ஐ. யந்திரம் பார்ப்பது உண்மையில் நீரைத்தான். உடம்பிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் அடங்கிய ஹைட்ரஜன் அணுக்கருக்கள், பூமியின் காந்த சக்தியைப் போல் ஏறத்தாழ முப்பதாயிரம் மடங்கு வலிய காந்தத்தின் நடுவே ஒழுங்குபட்டு நிற்க, அவற்றின்மேல் வானொலி அலையைச் செலுத்தி, அவை பதிலுக்கு எழுப்பும் முணுமுணுப்பைக் கேட்டுச் சித்திரம் எழுதுவதே அதன் தொழில். 1939-ல் பேசத் தொடங்கிய நம் திருச்சி வானொலி 936 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கிறதென்றால், 1.5 டெஸ்லா காந்தத்துக்குள் நம் உடம்பு ஏறக்குறைய 64 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. வெளியுலக வானொலிகள் குறுக்கே பேசாதிருக்க, அந்த அறையின் சுவர்களுக்குள் தாமிரத் தகடு பதித்திருப்பார்கள்.

இந்த வித்தையைச் சித்திரமாக்கிய லாட்டர்பரும் மான்ஸ்ஃபீல்டும் 2003-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1951-ல், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன் என்பவர், ஓடும் திரவத்திலிருந்து வரும் இதே முணுமுணுப்பு, அதாவது காந்த ஒத்ததிர்வு, நிலையான திரவத்தினின்று மாறுபடுவதைக் கண்டறிந்து எழுதினார். அக்கட்டுரை வெளியானது சி.வி. இராமன் 1934-ல் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் ஏட்டில். அந்த இராமன் 1888-ல் பிறந்த ஊர் நீரே லிங்கமாகிய திருவானைக்கா. நீரைப் பார்க்கும் யந்திரத்தின் கதை நீர்த்தலத்தைத் தொடுவதைத் தெய்வ சங்கற்பம் என்று யாரும் சொல்லவேண்டாம். ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

புஜப் பின்னலை இந்த யந்திரத்தால் படம் பிடிப்பது மூளையையோ முதுகெலும்பையோ பிடிப்பதைப்போல் எளிதன்று. நரம்பைச் சுற்றிக் கொழுப்பு. பக்கத்திலேயே துடிக்கும் பெருந்தமனி. கீழே மூச்சுக்கு மூச்சு ஏறியிறங்கும் நுரையீரலின் உச்சி. அந்த நுரையீரலின் காற்றும் கழுத்தின் வளைவும் காந்தப் புலத்தையே சற்றுக் கோணச் செய்துவிடுகின்றன. ஆகையால் கொழுப்பின் ஒலியை அடக்கி நீரின் ஒலியை மட்டும் உயர்த்தும் முறைகளைக் கையாண்டு, நரம்பை வெண்ணிழையாகத் தனித்தெடுக்கிறார்கள். 'நரம்பு வரைவு' என்னும் இந்த முறை 1990-களின் தொடக்கத்தில் உருவாயிற்று. வேர் முதுகுத்தண்டிலிருந்தே பிடுங்கப்பட்டிருந்தால், மூளைத்தண்டுவட நீர் அந்தத் துவாரத்தின் வழியே கசிந்து சிறு பையாகத் தேங்கிப் படத்தில் பளிச்சென்று தெரியும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பின் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதைக் கண்ட ஊருக்கு உடைப்பு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

படமெடுக்கப் போகிறவர் அரைமணி முதல் முக்கால் மணி நேரம் குகைபோன்ற குழாய்க்குள் கையைப் பக்கவாட்டில் வைத்து அசையாமல் கிடக்கவேண்டும், நிதானமாக மூச்சுவிடவேண்டும், எச்சில் விழுங்குவதைக்கூடக் குறைத்துக்கொள்ளச் சொல்வார்கள். தவிற்காரர் பத்துப்பேர் சுருதி சேராமல் அடித்தாற்போன்ற சத்தத்துக்குக் காதில் அடைப்பு தருவார்கள். உடம்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். அரைஞாண், மெட்டி, தாயத்து எல்லாம் கழற்றப்படும். தாலியைக் கழற்ற மனமில்லாத அம்மாக்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். அந்தக் கிழங்கைக் காந்தம் ஒன்றும் செய்துவிடாது.

யந்திரம் இருந்தும் நம்மவர்கள் இழப்பது காலத்தை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தின் முதல் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தந்து உயிரைக் காக்கிறது. நரம்பின் நாழிகையோ அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டேயிருக்கிறது. கால் எலும்பு கூடட்டும், கை தானே வரும் என்று காத்திருந்தும், எண்ணெய் தேய்த்து நீவியும் எட்டு மாதத்தைக் கழித்துவிட்டால் ஸ்கேன் எவ்வளவு தெளிவாயிருந்தும் பயன் குறைவு. வீக்கமும் இரத்தக்கசிவும் அடங்கியபின், சுமார் மூன்று வாரத்தில் எடுக்கும் படமும், நரம்பின் மின்னோட்டப் பரிசோதனையும், வைத்தியர் தம் கையால் தொட்டுச் செய்யும் பரீட்சையும் மூன்றும் ஒத்தால், தானே தேறும் காயமா, கத்தி வேண்டிய காயமா என்பது துலங்கும். கத்தி வேண்டுமானால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வைப்பதே உத்தமம். திருச்சியில் புத்தூர் அரசு மருத்துவமனையில் காட்டிய பிறகு, இதில் கைதேர்ந்தவர்களைத் தேடிச் சென்னை ஸ்டான்லிக்கோ கோவை கங்காவுக்கோ செல்பவர்கள் உண்டு.

அவசரம் ஏன் என்றால், நரம்பு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளரும். கழுத்திலிருந்து விரல்வரை அது நடந்து சேருவதற்குள் உள்ளங்கைத் தசைகள் ஏற்கும் சக்தியை இழந்துவிடும். ஆகவே பிடுங்கப்பட்ட வேரை நம்பாமல், விலாவெலும்புகளுக்கிடையே மூச்சுக்காக ஓடும் நரம்புகளில் இரண்டு மூன்றை எடுத்து முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு இணைத்துவிடுவதும் உண்டு. மாதங்கள் பல சென்றபின், ஸ்கேன் குழாய்க்குள் மூச்சை மெல்ல விடச் சொல்லப்பட்ட அதே இளைஞன், ஒரு நாள் ஆழமாக மூச்சை இழுக்கிறான். செத்துக்கிடந்த முழங்கை மடங்குகிறது. மூச்சிழுக்காமல் கையை மடக்க அவனுடைய மூளை கற்றுக்கொள்வதற்கு இன்னும் சில காலம் பிடிக்கும்.