சுமையோடு செல்வோர்க்கு எது நல்ல வழி?

அமெரிக்க நாட்டிலே கோடை விடுமுறை வந்துவிட்டால் வீட்டையே காரின் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்படும் குடும்பங்கள் பல. படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அடங்கிய அந்தச் சக்கர வீட்டை டிரெயிலர் என்பர். தேசப்படத்தை விரித்து, குறுகிய பாதை எதுவென்று பார்ப்பது தனிக் காருக்குப் பொருந்தும். பின்னாலே மூன்று தொன் எடை வருமாயின் கணக்கு வேறு.

டென்வர் நகரிலிருந்து சோல்ட் லேக் சிற்றிக்குச் செல்லும் பயணத்தை எடுத்துக்கொள்வோம். மேற்கே கொலராடோ மலைகளை ஊடறுத்துச் செல்வது 70ஆம் இலக்க நெடுஞ்சாலை. வடக்கே ஷையான் சென்று வயோமிங் சமவெளிகளைக் கடப்பது 80ஆம் இலக்கச் சாலை. எவ்வழியே சென்றாலும் தூரம் 500 மைலுக்கு மேல், வேறுபாடு பெரிதன்று.

முதல் வழியின் அழகைச் சொல்லி முடியாது. ஆனால் அதிலே 11,158 அடி உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை இருக்கிறது. அவ்வுயரத்திலே காற்று மெலிவதால், டர்போ இல்லாத பெற்றோல் எஞ்சின் தன் வலுவில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழந்துவிடும். ஏறுவதிலே தாமதம்தான் உண்டு, ஆபத்து இறங்குவதிலேதான். சுரங்கத்தைத் தாண்டியதும் சாலை சில மைல்களுக்குள் 2,000 அடிக்கு மேல் கீழிறங்குகிறது. பிரேக்கை ஓயாது மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கட்டுக்கடங்காத லொறிகள் ஏறி நிற்பதற்கென்றே ஓரத்திலே சரளைக்கல் மேடுகள் அமைத்திருக்கின்றனர். உச்சியிலேயே தாழ்ந்த கியருக்கு மாறி, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்க வேண்டும். கடுகண்ணாவை இறக்கத்தில் பஸ் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

அப்படியானால் வயோமிங் வழியே போய்விடலாமே என்று தோன்றும். அங்கே மிக உயர்ந்த இடமும் 8,640 அடிதான். எனினும் மலைத்தொடர் தாழ்ந்த அவ்விடைவெளியிலே காற்று நெருக்குண்டு பாய்கிறது. பழைய 30ஆம் இலக்கச் சாலை லரமியிலிருந்து வடக்கே வளைந்து சென்றது. புதிய சாலையை அமைத்தோர் சுமார் இருபது மைலை மிச்சப்படுத்த எண்ணி, எல்க் மலையின் அடிவாரத்தைத் தேர்ந்தனர். அங்கே காற்றும் பனியும் கொடியவை என்று அவ்வூர்ப் பண்ணைக்காரர்கள் எச்சரித்தனர், எவரும் செவிமடுக்கவில்லை. 1970 ஒக்ரோபரிலே சாலை திறக்கப்பட்டது. சில நாட்களுக்குள் பனிப்புயலால் மூடவும் நேர்ந்தது! மறு ஆண்டிலேயே பனியைத் தடுக்க நெடும் மரவேலிகள் எழுப்பத் தொடங்கினர். அச்சாலை இன்றும் குளிர்காலத்தில் அடிக்கடி மூடப்படுகிறது.

ஆகவே எந்த வழி நல்லது என்பதைச் சுமைதான் தீர்மானிக்கிறது. கனத்த டிரெயிலருக்கு மலையே பகை; உயரமாயும் இலேசாயும் உள்ளதற்குக் காற்றே பகை. எமக்கு நிறைசுமையும் கோடைகாலமும் வாய்க்குமாயின் வயோமிங் வழியையே தேர்வோம். பிற்பகலிலே காற்று வலுக்குமுன் எல்க் மலையைத் தாண்டுமாறு விடியலிலே புறப்படுவோம். வெறும் டிரெயிலர் என்றால் கொலராடோ மலைகளே மேல். குளிர்காலமாயின் இரண்டையும் விட்டு வீட்டிலிருப்போம்.

பொருள்களை ஏற்றும்போதும் கவனம் வேண்டும். டிரெயிலரின் மொத்த எடையிலே பத்து முதல் பதினைந்து வீதம் கொளுவியின்மீது தாங்க வேண்டும். பின்புறம் கனத்தால் சிறு காற்றுக்கும் வண்டி வாலாட்டத் தொடங்கும். அவ்வேளையில் காரின் பிரேக்கை அழுத்துவது பெருந்தவறு. வேகமூட்டியிலிருந்து காலை மெல்ல எடுத்து, சுக்கானை நேரே பிடித்து, டிரெயிலரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும்.

இலேசான உயர்ந்த வண்டிகளுக்குப் பாதை மூடப்பட்டது என்று வயோமிங் சாலைகளிலே மின்பலகைகள் அறிவிக்கும். அதைக் கண்டவர்கள் லரமியிலே வண்டியை நிறுத்தி, பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்து, காற்று அடங்கும்வரை உறங்கலாம். வீடுதான் பின்னாலேயே வந்திருக்கிறதே!