தூரத்தில் இருக்கும் மென்பொருள் குழுவின் நம்பிக்கையைக் காப்பது எப்படி?

2008 செப்டெம்பர் 8ஆம் திகதி லண்டன் பங்குச் சந்தையில் ஏறத்தாழ ஏழு மணி நேரம் வர்த்தகம் நின்றுபோனது. அப்போது அது வெளி நிறுவனம் செய்துகொடுத்த மென்பொருளில் இயங்கியது. மறு வருடமே அந்தச் சந்தை, இலங்கையின் மில்லேனியம் ஐடி நிறுவனத்தை ஏறத்தாழ மூன்று கோடி டொலருக்கு வாங்கியது. 2011 பெப்ரவரியில் அதன் பிரதான பங்கு வர்த்தகம் மில்லேனியம் ஐடியின் மென்பொருளுக்கு மாறியது. மென்பொருளோடு அதை எழுதியவர்களும் சந்தையின் ஆட்களானார்கள்.

எல்லோராலும் நிறுவனத்தை வாங்க முடியாது. இலங்கையின் கிழக்கே கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேரிடம் வேலை கொடுப்பவர், அவர்களை நம்பிக்கையால்தான் தக்கவைக்க வேண்டும். நம்பிக்கை இருக்கிறதா என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு: சிக்கல் வந்தால் நீங்கள் கேட்கும் முன்பே சொல்வார்கள்.

வேலையை எழுத்தில் கொடுங்கள். "லொகின் பக்கம் வேண்டும்" என்பது போதாது. தொலைபேசி இலக்கத்துக்குக் குறியீடு வர வேண்டும், மூன்று முறை பிழைத்தால் கணக்குப் பூட்டப்பட வேண்டும், பழைய அன்ட்ரொய்ட் போனிலும் திறக்க வேண்டும் என்று எழுதுங்கள். இரு தரப்பும் ஒரே தாளைப் பார்த்தால் பிறகு வாக்குவாதம் குறையும்.

அவர்களின் நாளை அறிந்துகொள்ளுங்கள். குளிர்காலத்தில் லண்டனில் காலை ஏழு மணி என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் எல்லோரும் ஜும்ஆவில் இருப்பார்கள். நோன்பு மார்ச் மாதத்தில் வந்தால், லண்டனில் பகல் ஒரு மணிக்கு வைக்கும் கூட்டம் இங்கே நோன்பு துறக்கும் வேளையை ஒட்டி விழும். நோன்பு மாதத் தொடக்கத்திலேயே நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சம்பளத் திகதி தவறக்கூடாது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் சரியத் தொடங்கி, ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. டொலரில் வருமானம் பெற்று ரூபாயில் பழைய சம்பளத்தையே கொடுத்தவருக்கு இலாபம். வேலை செய்தவருக்கு அரிசி, பெற்றோல் விலையோடு போராட்டம். நாணயம் சரிந்தால் சம்பளம் எப்படி மாறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியான நாளுக்கு யூபிஎஸ் வாங்கவும் டேட்டாவுக்கும் பணம் கொடுப்பது வேலை கொடுப்பவரின் கடமை.

கெட்ட செய்தியைத் தண்டிக்காதீர்கள். "ஓம், செஞ்சி தாறம்" என்ற பதில் பல நேரங்களில் மரியாதையால் வருவது. முடியுமா என்று கேட்காமல், "இதில் எந்த இடம் கஷ்டம்?" என்று கேளுங்கள். புதன்கிழமை தாமதத்தைச் சொன்னவரை அன்று ஏசினால், அடுத்த முறை அது ஒப்படைக்கும் நாளில்தான் தெரியவரும்.

கோட் களஞ்சியமும் சேர்வர் கணக்கும் முதல் நாளிலிருந்தே உங்கள் பெயரில் இருக்கட்டும். குழுவுக்குத் தேவையான அனுமதியைத் தாராளமாகக் கொடுங்கள். யார் கையில் எது என்பது தெளிவாக இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

புதிய குழுவா? இரண்டு வாரச் சிறு வேலை ஒன்றைக் கூலி கொடுத்துச் செய்விக்கவும். பிழை வந்ததா என்பதைவிட, அதை யார் முதலில் சொன்னார் என்று பாருங்கள். அவர்களே சொன்னால் பெரிய வேலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.