நோய் தெளிந்தால் போதுமா? வீடும் வேண்டும்!



காய்ச்சலைப் பற்றியும் இனிப்பு நீரைப் பற்றியும் தாராளமாகப் பேசுகிறோம். மனநோய் என்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசுகிறோம். இம்மாதம் அதைத் திறந்து பேசுவோம்.

பல நாள் தூக்கம் வராது. யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்பதாகச் சொல்வார்கள். குளிக்காமல், சாப்பிடாமல் ஒதுங்கிக் கிடப்பார்கள். "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்று நாம் பூசாரியைத் தேடுவோம். சாமி கும்பிடுங்கள், தடையில்லை. ஆனால் கிளினிக்குக்கும் அழைத்து வாருங்கள். மாத்திரை உண்டு. தினமும் மாத்திரை விழுங்க முடியாதவருக்கு மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசியும் உண்டு. கை நடுங்கினால், உடம்பு விறைத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, மருந்தில் தெளிந்தவர் எங்கே போய்க் குடியிருப்பது?

அந்தக் காலத்தில் இரண்டே இடம்தான். ஒன்று, பேராக்கில் 1911-ல் தொடங்கிய தஞ்சோங் ரம்புத்தான். மற்றது, ஜொகூரில் 1937-ல் தொடங்கிய தம்போய். போனவர்களில் பலர் அங்கேயே கிழவர்களானார்கள். வீட்டோடு இருப்பவருக்கும் நிம்மதியில்லை. தோட்டத்து வீடு வேலைக்கென்று கொடுத்த வீடு. பால் வெட்டிய தகப்பன் வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும். "எங்க காலத்துக்குப் பிறகு இவனை யாருங்க பார்ப்பா?" என்று அலோர் காஜாவிலும் ஜாசினிலும் பெற்றவர்கள் கேட்கிறார்கள்.

பார்க்க ஆளில்லாமல் கட்டிப்போட்டால் என்ன ஆகும்? இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 6-8-2001 அன்று விடியற்காலை கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகி மாண்டார்கள்.

அதே தமிழ்நாட்டில் நல்ல வழியும் இருக்கிறது. தெருவில் அலைந்த மனநோயாளிப் பெண்களுக்காக வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரு இளம் பெண்கள் 1993-ல் சென்னையில் 'தி பான்யன்' அமைப்பைத் தொடங்கினார்கள். குணமாகியும் போக இடமில்லாதவர்களுக்காக 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுக்கிறார்கள். நாலைந்து பேர் ஒரு குடும்பம்போல் இருப்பார்கள். சமைப்பார்கள், கடைக்குப் போவார்கள், முடிந்தவர் வேலைக்கும் போவார்கள். துணைக்கு ஓர் உதவியாளர் உண்டு. பூட்டில்லை, சங்கிலியில்லை. பெல்ஜியம் நாட்டின் கீல் என்ற ஊரிலோ, பல நூற்றாண்டுகளாகக் குடும்பங்களே நோயாளிகளைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்க்கின்றன.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், ஊருக்குள்ளேயே மனநல நிலையம் நடத்த வழி செய்திருக்கிறது. அரசாங்கத்தின் 'மெந்தாரி' நிலையங்கள் வேலை தேடவும் உதவுகின்றன. சமூகநல இலாகாவின் ஓ.கே.யு. அட்டைக்கு மனநோயாளிகளும் மனுச் செய்யலாம். சந்தா கட்டியவர் நோயால் வேலை செய்ய முடியாமல் போனால், சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்திற்கும் மனுப் போடலாம்.

இல்லாதது வீடுதான். மாளிகை வேண்டாம். கிளினிக்குக்குப் பக்கத்தில் மலிவு விலை வீடு ஒன்று, மூன்று நாலு பேர், தினமும் எட்டிப் பார்க்க ஒரு நல்ல மனிதர், இவ்வளவு போதும். அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பளம், போனஸோடு இதையும் பேசுங்கள். பக்கத்து வீட்டில் அப்படி ஒருவர் குடிவந்தால், "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேளுங்கள். அதுவும் மருந்துதான்.