விலை கேட்கும் வழி: அன்றும் இன்றும்

பழைய வாரப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால், வெளியூர்க்காரர்களுக்குச் சரக்கு வி.பி.பி.யில் அனுப்பப்படும் என்ற குறிப்பு அடிக்கடி கண்ணில் படும். புத்தகம், லேகியம், கைக்கடிகாரம், ஜவுளி எல்லாவற்றுக்கும் அதே வழிதான். இந்திய அஞ்சல் துறை 1877இல் தொடங்கிய ஏற்பாடு அது. கடைக்காரர் பார்சலைத் தபாலில் சேர்ப்பார். தபால்காரர் வீட்டு வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு பார்சலைக் கொடுப்பார். அந்தப் பணம் மணியார்டராகக் கடைக்கு வந்து சேரும். இன்றைக்கு ‘கேஷ் ஆன் டெலிவரி’ என்கிறோமே, அதற்கு மூத்தது இது.

பார்சல் கிளம்புவதற்கு முன்னால் கேள்வி ஒன்று போயாக வேண்டும். சரக்கு இருக்கிறதா, என்ன விலை, எப்போது கிடைக்கும்? அந்த முதல் பேச்சு எந்த வழியாகப் போகிறது என்பதில் எனக்குத் தனி அக்கறை உண்டு. காரைக்குடிப் பக்கத்துச் சிறு கடைகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடி டைல்ஸ், செட்டிநாட்டுப் பலகாரம் விற்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது, “சைட்ல அந்த வாட்ஸ்அப் பட்டன் வச்சுக் கொடுத்துருங்க தம்பி” என்பதுதான். வைப்பதற்குச் சில நிமிடம் போதும். அதற்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒழுங்குதான் பெரிய வேலை. அந்த ஒழுங்கு முன்பு நம் கடைகளில் இருந்தது.

தபால் காலம்

கடிதம் போட்டால் பதில் வர ஒரு வாரமோ பத்து நாளோ ஆகும். அதனால் கேட்பவர் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுவார். பெயர், முழு முகவரி, யாருக்கு, என்ன விசேஷத்துக்கு, எந்த நிறம், அது இல்லாவிட்டால் வேறெந்த நிறம், எவ்வளவு வரை கொடுக்க முடியும், எந்தத் தேதிக்குள் வேண்டும். ஒரு கேள்வி விட்டுப்போனால் இன்னொரு கடிதம், இன்னொரு வாரம்.

கடையிலும் அதே கவனம் இருந்தது. வந்த கடிதத்தைக் கணக்குப்பிள்ளை படித்து, பதில் எழுதிய தேதியை ஓரத்தில் குறித்து, நீளக் கம்பியில் குத்தி வைப்பார். யாருக்கு என்ன விலை சொன்னோம் என்று சந்தேகம் வந்தால் கம்பியை இறக்கிப் பார்த்தால் போதும். கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனாலும் கம்பி கடையிலேயே இருக்கும்.

தொலைபேசிக் காலம்

எஸ்.டி.டி. வந்ததும் அந்த ஒரு வாரக் காத்திருப்பு போனது. மஞ்சள் போர்டு பூத்துக்குள் நின்று 04565 என்று தொடங்கி எண்ணை அழுத்தினால் காரைக்குடிக் கடையின் கல்லா மேசையில் மணி அடிக்கும். எதிரே மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்க, பேச்சு மளமளவென்று நடக்கும்.

சேலையை விரித்துக் காட்டத்தான் வழியில்லை. வாயால் சொல்லித்தான் விற்க வேண்டும். அரக்கு, வெந்தய நிறம், மயில்கழுத்து, கிளிப்பச்சை, வாடாமல்லி, மாம்பழ மஞ்சள் என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த நிறம் கண்ணில் தெரிந்தது. கண்டாங்கிக்குக் கட்டமும் கோடும் அகலமான கரையும்தான் அடையாளம். கட்டம் பெரிதா சிறிதா, கரை எத்தனை விரல் அகலம், முந்தி என்ன நிறம் என்று நாலு கேள்வியில் ஒரு சேலை முடிவாகிவிடும். சரக்கைக் கையால் எடுத்துப் பழகியவர் போனை எடுத்ததால்தான் அது முடிந்தது.

ஐந்து பெட்டிக் காலம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியது. எங்கள் பக்கத்துச் சிறு கடைகள் இணையதளம் வைக்க அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் ஆயின. வைத்தவர்கள் எல்லோரும் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கமும் ‘தொடர்புக்கு’ என்று ஒரு பக்கமும் வைத்தார்கள். தொடர்புப் பக்கத்தில் பெயர், மின்னஞ்சல், போன், பொருள், செய்தி என்று ஐந்து பெட்டிகள் இருக்கும். பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தால் அதை நிரப்பாமல் நகர முடியாது. அனுப்பியதும் ‘நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்’ என்று திரையில் வரும்.

பெரும்பாலும் யாரும் தொடர்பு கொண்டதில்லை. கடைக்காரர் அசட்டையாக இருந்தார் என்று சொல்ல மாட்டேன். கேள்வி அவரிடம் போய்ச் சேரவேயில்லை. அந்த ஐந்து பெட்டிகளில் எழுதியது கடையின் மின்னஞ்சலுக்குப் போகும். அதன் பாஸ்வேர்டு பல கடைகளில் தளத்தை அமைத்துக் கொடுத்த பையனிடம் மட்டுமே இருக்கும். பல தளங்களில் சர்வர், வாடிக்கையாளரின் மின்னஞ்சல் முகவரியையே அனுப்புநராகப் போட்டு மடலை அனுப்பும். வேறொருவர் பெயரில் வரும் மடல் என்று சந்தேகப்பட்டு மின்னஞ்சல் நிறுவனம் அதை ஸ்பேமில் தள்ளிவிடும். கல்யாணத்துக்குப் பத்துச் சேலை வேண்டும் என்று கேட்டு எழுதிய மடல்கள் அங்கே கிடந்து அழிந்திருக்கின்றன. கேட்டவரோ கடைக்காரருக்கு மரியாதை தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு வேறு கடைக்குப் போனார். தபால் காலத்தில் பதில் தாமதமாக வந்தாலும் வந்தது. நவீனம் என்று நாம் கொண்டுவந்த இந்தப் பெட்டிகள் அந்தப் பேச்சையே அறுத்துவிட்டன.

பட்டன் காலம்

ஜான் கோமும் பிரையன் ஆக்டனும் 2009இல் தொடங்கிய வாட்ஸ்அப்பை 2014இல் ஃபேஸ்புக் வாங்கியது. அப்போது சொல்லப்பட்ட விலை 1,900 கோடி டாலர். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் அது நம் ஊர் மளிகைக் கடை வரை இறங்கியது. 2019இல் இந்தியாவில் மட்டும் 40 கோடிப் பேர் அதைப் பயன்படுத்துவதாக நிறுவனமே அறிவித்தது. கடைகளுக்கென்று தனியாக வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது 2018 ஜனவரியில்.

அதற்கு முன்பே கடைக்காரர்கள் எண்ணைத் தளத்தில் போட்டிருந்தார்கள். “நம்பரை சேவ் பண்ணிட்டு ஹாய்னு ஒரு மெசேஜ் போடுங்க” என்பார்கள். பத்து இலக்கத்தைப் பார்த்து எழுதி, பெயர் போட்டுச் சேமித்து, பிறகு செயலியைத் திறந்து தேட வேண்டும். பாதிப் பேர் அங்கேயே விட்டுவிடுவார்கள். பட்டன் அந்த நடுவேலையை எடுத்துவிட்டது.

அந்தப் பட்டனுக்குப் பின்னால் இருப்பது ஓர் இணைப்பு, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பின் குறுமுகவரி, சாய்கோடு, அடுத்துக் கடையின் எண். எண்ணில் நாட்டுக் குறியீடு 91 முதலில் வர வேண்டும். கூட்டல் குறி, இடைவெளி, சிறுகோடு, முன்னால் வரும் பூஜ்யம் எதுவும் கூடாது. ‘வேலை செய்யவில்லை’ என்று என்னிடம் வரும் பட்டன்களில் பலவற்றுக்கு அந்தப் பூஜ்யம்தான் காரணம்.

எண்ணுக்குப் பின்னால் ஒரு செய்தியையும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ‘கே-214 எண் சேலை இருக்கிறதா?’ என்று அந்தந்தச் சேலையின் பக்கத்துப் பட்டனில் எழுதி வைத்துவிட்டால், வாடிக்கையாளர் அழுத்தியதும் அந்த வரி தயாராக நிற்கும்; அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. கடைக்காரருக்கும் எந்தச் சேலை என்று தேட வேண்டாம். தமிழில் எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்குறியும் இணைப்புக்குள் ஒன்பது குறிகளாக நீளும். அதைப் பார்த்துப் பயந்து சிலர் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார்கள். மாற்றத் தேவையில்லை. திறக்கும்போது அழகான தமிழாகவே வரும்.

இதற்கப்புறம் நடப்பது பழைய கடைப் பேச்சுதான்.

“அக்கா, இந்த அரக்குல கடுகு மஞ்சள் கரை இருக்கா?”

“இருக்கும்மா. கொஞ்சம் இருங்க, வெளிச்சத்துல வச்சு எடுத்து அனுப்புறேன்.”

அக்கா சேலையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போகிறார். கடைக்குள் எரியும் எல்.இ.டி. விளக்கில் அரக்கு வேறு நிறமாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். முந்தியை விரித்து ஒரு படம், கரையை மட்டும் கிட்டத்தில் ஒரு படம், உடலையும் கரையையும் சேர்த்து ஒரு வீடியோ. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும் என்பதால் எச்.டி.யில் வைத்து அனுப்புகிறார். 2023இல் வந்த வசதி அது. “பிளவுஸ் கூட வருமா, கொரியர் சார்ஜ் எவ்வளவு, கடைசி விலை சொல்லுங்க” என்று பேச்சு நீள்கிறது. ஐந்து பெட்டிகள் அறுத்ததைப் பட்டன் ஒட்டிவிட்டது. பேரம் பேசுவதும், யாருக்கு வாங்குகிறோம் என்று சொல்வதும், அதைக் கேட்டு வேறொரு சேலையை எடுத்துக் காட்டுவதும் திரும்பி வந்திருக்கின்றன. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

கைவிட்டுப் போனவை

வந்ததோடு சில போயும் இருக்கின்றன. முதலில் போனது கம்பி. இன்று யாருக்கு என்ன விலை சொன்னோம் என்பது ஒருவரின் போனுக்குள் இருக்கிறது. போன் தண்ணீரில் விழுந்தாலோ, விற்பனைப் பிள்ளை வேலையை விட்டுப் போனாலோ, அவ்வளவு பேச்சும் அதோடு போகிறது. பிசினஸ் செயலியில் புதிய ஆர்டர், பணம் பாக்கி, பணம் வந்தது, முடிந்தது என்று அடையாளம் ஒட்டும் வசதி இருக்கிறது. அதோடு, ஆர்டரானதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். பணம் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவு பார்த்த பிறகே பார்சலைக் கட்ட வேண்டும்.

இரண்டாவதாகப் போனது கடை சாத்தும் நேரம். இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் வீட்டிலிருந்தே சேலை விற்கும் பெண்கள். தங்கள் சொந்த எண்ணையே பட்டனில் வைத்துவிடுகிறார்கள். இரவு 11 மணிக்கு வீடியோ கால், முகப்புப் படத்தைப் பற்றிய பேச்சு, வாங்கும் எண்ணமே இல்லாதவர்களின் ‘ஹாய்’ என்று தொல்லை தொடங்குகிறது. பொறுக்க முடியாமல் பட்டனை எடுக்கச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். நல்ல சரக்கும் நல்ல கையும் உள்ள ஒரு பெண் இதற்காகத் தொழிலைச் சுருக்கிக்கொள்வதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

அவர்களுக்கு நான் சொல்வது இது. சொந்த எண்ணைப் பட்டனில் வைக்காதீர்கள். கடைக்கென்று தனி சிம் வாங்குங்கள். லேண்ட்லைன் இருந்தால் அதுவும் போதும். பிசினஸ் செயலி லேண்ட்லைன் எண்ணையும் ஏற்கும். சரிபார்க்கும் குறியீட்டை அழைத்துச் சொல்லும். கடைப் பையில் அச்சாகியிருக்கும் அந்த 04565 எண்ணே, முன் பூஜ்யத்தை எடுத்து 91 சேர்த்தால், பட்டனின் எண்ணாகிவிடும். முகப்பில் சேலைப் படத்தை வையுங்கள். காலை 10 முதல் மாலை 7 வரை என்று நேரத்தைப் பதிந்து, மற்ற நேரத்தில் ‘கடை மூடியிருக்கிறது, நாளை காலை பதில் தருகிறோம்’ என்ற செய்தி தானாகப் போகும்படி வையுங்கள். ஒரு போனோடு இன்னும் நான்கு கருவிகளை இணைக்கலாம் என்பதால், கல்லாவில் இருக்கும் கணினியிலிருந்தும் பதில் போடலாம்.

மூன்றாவது, வாங்குபவர் பக்கம். பட்டனை அழுத்தி ஒரு வரி அனுப்பியதும் அவருடைய போன் எண் கடைக்குப் போய்விடுகிறது. விலை கேட்டவரைக் கேட்காமலே குரூப்பில் சேர்த்து, தினமும் படம் அனுப்புவது மரியாதையில்லை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டமும் வந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சேர்க்க என்ன தடை?

பட்டன் மட்டும் இருந்து கடையின் முகவரி இல்லாத தளங்களும் பெருகியிருக்கின்றன. பணம் போனதும் அந்த எண்ணிலிருந்து நம்மை பிளாக் செய்துவிடுவார்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் குறைதீர் அலுவலரின் தொடர்பையும் தளத்தில் காட்டச் சொல்கின்றன. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே பட்டனை வைத்துவிட்டோம் என்று முகவரிப் பக்கத்தை எடுத்துவிடாதீர்கள். வாங்குபவர்களும் முகவரி இல்லாத தளத்தில் பணம் கட்டாதீர்கள்.

பெரிய நிறுவனங்கள் இதே பட்டனுக்குப் பின்னால் தானியங்கியை உட்கார வைத்திருக்கின்றன. ‘1 அழுத்தவும், 2 அழுத்தவும்’ என்று அது பேசும். ஆயிரக்கணக்கில் கேள்வி வருகிற இடத்தில் அது வேண்டியிருக்கலாம். ஒரு நாளைக்கு இருபது முப்பது பேர் கேட்கும் கடைக்கு அது வேண்டாம். உங்களிடம் வருகிறவர், சேலையைத் தொட்டுப் பார்த்த ஒருவரின் வார்த்தைக்காகத்தான் வருகிறார்.

எனவே என்னிடம் பட்டன் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது, யார் பதில் போடப்போகிறீர்கள் என்பதுதான். பெயர் சொல்ல முடிந்தால் அன்றைக்கே வைத்துக் கொடுக்கிறேன். வைத்த பிறகு மாதம் ஒரு முறையாவது வேறொரு போனிலிருந்து நீங்களே அழுத்தி ஒரு சேலையின் விலை கேட்டுப் பாருங்கள். சரியான எண்ணுக்குப் போகிறதா, எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது, சொன்ன விலையும் தளத்தில் இருக்கும் விலையும் ஒன்றுதானா என்று பாருங்கள். குறை தெரிந்தால் அன்றே சரிசெய்யுங்கள். கேட்டவருக்குப் பதில் சொல்லாத கடைக்கு எந்தப் பட்டனாலும் வியாபாரம் கொண்டுவர முடியாது.