உங்களுக்குத் தெரியுமா? 142 படி, 142 சித்திரம்!

இத்தாலியின் சிசிலித் தீவில் கல்தஜிரோனே என்று ஓர் ஊர். அங்குள்ள பெரிய படிக்கட்டில் மொத்தம் 142 படிகள். ஒரு படியின் முகப்பில் உள்ள சித்திரம் இன்னொரு படியில் கிடையாது! எல்லாம் கையால் தீட்டிய டைல்கள்.

• படிக்கட்டு கட்டியது 1606-இல். டைல் பதித்தது 1954-இல்தான்.

• இருபுறமும் பீங்கான் கடைகள், பட்டறைகள். படியேறிக்கொண்டே வாங்கலாம்.

• சுட்ட களிமண்ணில் வெள்ளைக் குழம்பு பூசி, அது காய்ந்ததும் வண்ணம் தீட்டுகிறார்கள். தூரிகை பட்டதுமே வண்ணம் உள்ளே ஊறிவிடும். அழித்துத் திருத்த வழியில்லை. பிறகு மீண்டும் சூளைக்குப் போகும்.

• வாங்கும்போது இரண்டு தட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவற்றில் தீட்டிய பூக்கள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், பெரும்பாலும் அது கைவேலை அல்ல.