ஆழங்குறைந்த குளத்தில் திலாப்பியா பிடிக்கும் முறை

உழவர் விதைநெல்லைக் குற்றி உண்பதில்லை. குளத்து மீனுக்கும் அவ்விதியே பொருந்தும்.

1952ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, சம்மாந்துறை, கல்முனை வயல்களுக்கு நீரளிக்கும் கல்லோயாத் திட்டக் குளங்களிலும் பெருகியுள்ளது. ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில் குழி பறிக்கும். அங்கு இடும் முட்டைகளைப் பெண் மீன் வாயில் ஏந்தி அடைகாக்கும். குஞ்சுகளும் கரையை அண்டியே மேயும். ஆதலின் அவ்விடத்தில் வலையிடுவோர் அடுத்த போகத்து மீனையே அழிப்போராவர்.

குழிகளுக்கு அப்பால், சற்று ஆழமான நீரில், மாலையில் செவுள்வலையைக் கட்டி விடியலில் எடுத்தல் நன்று. வலைக்கண்ணை இழுத்து அளக்கையில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைதல் ஆகாது. சிறுமீன் அதனூடே தப்பும். வளர்ந்த மீனே அகப்படும்.

கோடையில் நீர் வற்றி மீன் ஒருங்கு சேருங்காலத்தில் பேராசை கூடாது. அப்பொழுது எஞ்சும் மீனே மாரிக்குப் பின் குளத்தை நிரப்பும்.