கணக்கைப் படித்தலும் கணக்கைச் செய்தலும்

எண்ணையும் எழுத்தையும் ஒருசேரப் போற்றிய மரபு தமிழ் மரபு. ஆயினும், நம் துறைக்குப் பயில வரும் மாணவ மாணவியருள் சிலர், “கணக்கு வராததால் தமிழுக்கு வந்தோம்” என்று கூறக் கேட்டு வருந்தியிருக்கிறோம். தமிழ் விரும்பிக் கற்கத்தக்கது; அஞ்சி ஒதுங்கியோர் புகும் புகலிடமன்று. இவர்களாவது கல்லூரி வாயிலை அடைந்தனர். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தவறியதோடு கல்வியையே கைவிட்டவர்களை நாம் வகுப்பறையில் காண்பதில்லை. கடைத்தெருவிலும் அடுக்களையிலுமே காண்கிறோம். அவர்களுள் பெரும்பாலோர்க்கு இல்லாதிருந்தது அறிவன்று; கற்கும் முறையே. அம்முறையைச் சுருக்கமாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்க்குக் கணிதத்தில் என்ன வேலை என வினவலாம். நாமும் அக்கணக்கில் இடறி எழுந்தவர்களே. பத்தாம் வகுப்புக் காலாண்டுத் தேர்வில் நாம் பெற்றது நூற்றுக்கு 27. அத்தேர்வுக்கு முன் வழிகாட்டி நூலில் உள்ள கணக்குகளை மும்முறை படித்திருந்தோம். ஒவ்வொரு வரியும் விளங்கியே இருந்தது. விடைத்தாளைத் தந்த ஆசிரியர் நம்மைக் கடியவில்லை. நூலை மூடச் செய்து, சுண்ணக்கட்டியைக் கையில் தந்து, “படித்த கணக்கைச் செய்து காட்டு” என்றார். இரண்டாம் வரியில் கை நின்றது. படித்தல் வேறு, செய்தல் வேறு என்பது அன்று விளங்கிற்று.

நூலை மூடிச் செய்க

கதையைப் படிப்பதுபோல் கணக்கைப் படித்தல் மாணவர் பலரிடம் காணப்படும் முதற்பிழை. பிறர் செய்த கணக்கைப் பார்க்கும்போது ஒவ்வோர் அடியும் எளிதாகவே தோன்றும். அவ்வெளிமை நூலாசிரியருடையது, நம்முடையதன்று. எடுத்துக்காட்டுக் கணக்கை ஒருமுறை நன்கு பார்த்தபின் நூலை மூடிவிட்டு வெற்றுத் தாளில் செய்தல் வேண்டும். தடைப்படும் இடத்தில் உடனே நூலைத் திறவாது சில நிமிடம் முயலுதல் நன்று. பின்னர்த் திறந்து, தடைப்பட்ட அடியை மட்டும் கண்டு, மீண்டும் முதலிலிருந்து செய்க. அதே கணக்கை மூன்று நாள் கழித்தும், பின்னர் ஒரு வாரம் கழித்தும் நூலைக் காணாது செய்ய முடியுமாயின், அது நம்முடையதாயிற்று எனலாம்.

கலந்து செய்க

இரண்டாவது பிழை, ஒரே வகைக் கணக்கைத் தொடர்ந்து செய்தல். ஒரு பயிற்சியின் பத்துக் கணக்குகளையும் ஒரே சூத்திரத்தால் முடிப்பவர்க்கு, எந்தச் சூத்திரம் எனச் சிந்திக்கும் தேவையே எழுவதில்லை. தேர்விலோ எண்கள், இயற்கணிதம், முக்கோணவியல், அளவியல் எனப் பல பாடங்களும் கலந்தே வரும்.

இதனை ஆய்வும் காட்டியுள்ளது. அமெரிக்காவில் டக் ரோரர், கெல்லி டெய்லர் என்னும் இருவர், கல்லூரி மாணவர்க்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவு காணக் கற்பித்து, 2007ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். ஒரு சாரார் வகைவகையாகவும், மறு சாரார் கலந்தும் பயிற்சி செய்தனர். பயிற்சியின்போது முன்னவர் 89 விழுக்காடும், பின்னவர் 60 விழுக்காடும் சரியாகச் செய்தனர். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ முன்னவர் பெற்றது 20 விழுக்காடு. பின்னவர் பெற்றது 63 விழுக்காடு. பயிற்சியில் பட்ட இடர்ப்பாடே தேர்வில் துணையாயிற்று.

ஆதலால், வாரம் ஒருநாள் முடித்த பாடங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு கணக்குகளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, கையில் வந்ததைச் செய்து பழகுக.

வினாவின் சொல்லை உற்று நோக்குக

கணக்கின் வகையை அறிதலே முதற்பணி என்பது புதிய கருத்தன்று. 9ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பக்தாது நகரில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, தம் நூலில் சமன்பாடுகளை ஆறு வகைப்படுத்தினார். எந்தக் கணக்கையும் அவ்வாறனுள் ஒன்றாக மாற்றிய பின்னரே தீர்வு கண்டார். வாரிசுரிமைப் பங்கீடு முதலிய வாழ்க்கைக் கணக்குகளை அவர் குறியீடுகள் இன்றிச் சொற்களாலேயே எழுதினார். அந்நூற்பெயரிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்னும் சொல்லே ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. சொல்லிலிருந்து வகையை அறியும் திறன் மொழித்திறனும் ஆகும். இங்கே தமிழாசிரியர்க்கும் பங்குண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் அரங்கில் 20 வரிசைகள் உள்ளன. முதல் வரிசையில் 30 இருக்கைகள். அடுத்தடுத்த வரிசைகளில் இரண்டிரண்டு கூடுதல். ‘கடைசி வரிசையில் எத்தனை இருக்கைகள்?’ என்பது ஒரு வினா. ‘அரங்கில் மொத்தம் எத்தனை இருக்கைகள்?’ என்பது மற்றொன்று. முன்னது கூட்டுத் தொடர்வரிசையின் 20ஆம் உறுப்பு; விடை 68. பின்னது 20 உறுப்புகளின் கூடுதல், விடை 980. தரவுகள் ஒன்றே, வினாச் சொல்லே வழியை மாற்றுகிறது. விடை கண்டபின் சரிபார்த்தலும் வேண்டும். 30க்கும் 68க்கும் சராசரி 49. அதனை 20ஆல் பெருக்க 980 வருதல் காண்க.

பிழைக்கு ஒரு குறிப்பேடு

தவறிய கணக்கை அடித்துவிட்டு மேலே செல்லுதல் கூடாது. தனிக் குறிப்பேட்டில் அதனை எழுதி, பிழை எவ்வகையது என ஒரு வரி குறிக்க வேண்டும். வினாவைத் தவறாகப் படித்ததா? சூத்திரம் மறந்ததா? கூட்டல் கழித்தலில் வழுவியதா? குறியை மாற்றியதா? ஒரு மாதத்தில் நம் வழக்கமான பிழை எதுவென்பது தெரிந்துவிடும். தேர்வுக்கு முந்திய இரவில் பாடநூல் முழுவதையும் புரட்டுவதினும் இக்குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு உறங்குவது மேல்.

தேர்வு அறையில்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் நடைபெறுகிறது. ஒரு மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடம் எனக் கொண்டால் 150 நிமிடத்தில் எழுதி முடித்து, அரைமணி நேரத்தைச் சரிபார்க்க ஒதுக்கலாம். ஐந்து மதிப்பெண் வினாவில் எட்டு நிமிடத்திற்கு மேல் சிக்கிக்கொண்டால், இடம் விட்டு அடுத்ததற்குச் செல்க. தெரிந்த அடிகளையேனும் முறையாக எழுதுக. விடை வராவிடினும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. வீட்டில் கடிகாரம் வைத்து முழு வினாத்தாளைச் சில முறை எழுதிப் பழகியவர்க்கே இவ்வமைதி கைகூடும்.

பெரியோர் செய்யத்தக்கன

மாலைநேர வகுப்பு நடத்தும் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு மேலும் ஒரு வழிகாட்டி நூல் வாங்கித் தருவதினும், ஓர் அமைதியான இடமும் பழைய வினாத்தாள்களும் வாரம் ஒரு கலப்புத் தேர்வும் அளிப்பது பெரும்பயன் தரும். நம் கல்லூரி மாணவர்கள் அங்குச் சென்று கற்பிக்கலாம். ஒருமுறை தவறிய பிள்ளைக்குத் துணைத்தேர்வு உண்டு. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் கல்வியை ஒரு தாளின் மதிப்பெண்ணோடு முடித்துவிடலாகாது.

அன்று 27 பெற்ற நாம், ஆண்டிறுதித் தேர்வில் 64 பெற்றோம். அது பெருமைக்குரிய எண்ணன்று. ஆனால் நம்மை இக்கல்லூரிக்குக் கொண்டு வந்து சேர்த்த எண். மாணவச் செல்வங்களே! இன்றிரவு ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நூலை மூடிவிட்டு எழுதத் தொடங்குங்கள்.